கதவு பூட்டியிருந்தது

மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு
மூன்று தரமும் நீல மையில்
'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிக்
கொண்டுவந்து போட்டான் செலஸ்டின்.
பெறுநர்: ஞா. தேவஇரக்கம், மகாராஜ நகர்.
அனுப்பிய கம்பெனிக்குப் போன் அடித்தால்
அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்று மாதம் போனால்
கூரியர் ஆபீசில் ஒரு பொட்டலம்
யாருடையதும் இல்லை.
ஒரு கிரைண்டர் பெல்ட், ஆறு குடை,
வேறு யாருடைய கல்யாண ஆல்பமோ ஒன்று, இவற்றோடு
இதையும் பங்கு வைத்தார்கள்.
இருநூறு ரூபாய் கொடுத்தேன்.
ரசீது இல்லை.

சிந்துபூந்துறை வீட்டில் பிரித்தால்
முழுக்கக் குச்சி.
கோவில்பட்டிக்காரி எனக்குக் குச்சி புதிதில்லை,
இத்தனை ஒழுங்காய் அறுத்த குச்சிதான் புதிது.
படத்தில் மூன்று பாய்மரம்.
விளக்கமெல்லாம்
கேள்விக்குறியைத் தலைகீழாகவும் போடுகிற ஏதோ பாஷை.

செலஸ்டினுக்கு ஊர் உவரி.
மத்தியானச் சோற்றுக்கு நடுவே
போனில் படத்தைப் பெரிதாக்கிச் சொன்னான்:
இது ஏரா, இது அணியம்,
இது அமரம், இந்த விலா எலும்பெல்லாம் வங்கு.
"யக்கா, வங்கெல்லாம்
முன்னுக்குப் பின்னா ஒட்டிருக்கீய."
நான்கு நாள் வேலை.
வெந்நீரில் ஊறப்போட்டுப் பிரித்தேன்.

அப்போதுதான் தெரிந்தது
வெந்நீருக்கு மரம் இணங்கும் என்று.
அரை விரல் அகலப் பலகை ஒவ்வொன்றையும்
ஊறவைத்து, சொம்பின் வயிற்றோடு வளைத்து,
துணிக் கிளிப்பால் கவ்வவைத்துக்
காயவிட்டேன்.
கிளிப் இல்லாத வீட்டுக்காரர் சட்டைகள்
கொடியிலிருந்து எதிர் மாடிக்குப் போய்வந்தன.
"இது தண்ணியில மிதக்குமா?"
மிதக்காது.
"பொறவு?"
பதில் சொல்ல முடியாமல்
வாயில் பித்தளை ஆணி இருந்தது.

நாற்பத்தேழாம் எண் பலகை இல்லை.
பெட்டியைக் கவிழ்த்து உதறியும் இல்லை.
ஒரு ஐஸ் குச்சியைத் தேய்த்து
அந்த இடத்தில் வைத்தேன்.
பசையும் தீர்ந்திருந்தது,
செருப்புக்கு வாங்கிய ஃபெவிகுயிக்கில் ஒட்டினேன்.

மார்கழி முதல் ராத்திரி
ஆறு தெருவுக்குள் வந்தது.
சிலிண்டர், ரேஷன் கார்டு, அரிசி
மொட்டைமாடிக்குப் போயின.
கப்பலை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.
அதைவிட உயரம் எங்கள் வீட்டில் கிடையாது.
ஃபிரிட்ஜ் மிதக்கும் என்பது
எனக்குத் தெரியாது.

படியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தோம்.
நின்ற வாக்கிலேயே அது அசைந்து
அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தது,
தலையில் மூன்று பாய்மரத்தோடு.
ஒரு நிமிடம் இருக்கும்.
வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம் சாய்ந்தது.

வடிந்தபின் சேற்றில் துழாவி எடுத்தேன்.
பசை விட்டு,
ஆறு மாதம் வளைத்த பலகைகள்
ஊறி நிமிர்ந்து
பெட்டியில் வந்த நாளைப் போலவே நேராகக் கிடந்தன.
ஐஸ் குச்சி மட்டும்
ஒரு வங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தைப் பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமை
கவுண்டரில் ஒருவர்.
வெயிலில் கறுத்த கை, புது செல்போன்.
"தேவஇரக்கம். ஒரு பார்சல் வந்திருக்கணும்.
பதினோரு மாசம் கப்பல்ல இருந்தேன்."

வெள்ளத்துல போயிட்டு, என்றேன்.
சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை
அவரே பார்த்துக்கொண்டார்.
அவர் நெஞ்சு உயரம்.
"சரி. ஒங்களுக்கே எம்புட்டு நட்டமோ."

சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.
"ஒரு பீஸ் வைக்க விட்டுப்போச்சுன்னு
பொறவு அனுப்பியிருக்காம் கம்பெனி.
கதவிடுக்குல கெடந்துச்சு. இனி எதுக்கு,
குப்பையில போட்ருங்க."

கவருக்குள் தடவிப் பார்த்தேன்.
அரை விரல் அகலம்.

வாசல்படி மூன்று.
அவர் மெதுவாகத்தான் இறங்கினார்,
இன்னும் தரை பழகாத கால்.
'அண்ணாச்சி' என்று ஒரு சொல் போதும்.
வாயில் ஆணி எதுவும் இல்லை.